உப்பைப் பிடிக்கும் கரித் தகடு: வயலுக்கா, குடத்துக்கா?

கிணறு வற்றினால் விவசாயிக்குக் கவலை. வற்றாத கிணற்றில் உப்பு ஏறினால் அதைவிடப் பெரிய கவலை. தண்ணீர் கண்முன்னே இருக்கும், மோட்டாரும் ஓடும், ஆனால் பாய்ச்சப் பாய்ச்சப் பயிரின் இலை நுனி கருகும். வீட்டில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, வரப்போரத்தில் வெள்ளை பூக்கும். கடலோர மாவட்டங்களில் மட்டுமே இந்தத் தொல்லை என்பதில்லை. மழை குறைந்த உள்மாவட்டங்களிலும் ஆழ்குழாய்க் கிணறு ஆழம் போகப் போகத் தண்ணீர் கரிப்பதைப் பல ஊர்களில் காணலாம்.

இத்தகைய ஊர்களுக்கு இப்போது ஒரு புதுப் பேச்சு வந்திருக்கிறது. கரியால் செய்த தகடுகளுக்கு இடையே உப்புத் தண்ணீரை ஓடவிட்டுச் சிறிது மின்சாரம் கொடுத்தால், உப்பு தகட்டில் ஒட்டிக்கொள்ளும், நல்ல தண்ணீர் வெளியே வரும் என்பதே அந்தப் பேச்சு. இது பொய்யல்ல. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஆராயப்பட்டு வரும் முறைதான். ஆனால் தகடு எந்த உப்பைப் பிடிக்கிறது, எவ்வளவு பிடிக்கிறது, பிடித்த உப்பு பிறகு எங்கே போகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமல் சிறு விவசாயி இதில் பணம் போடக்கூடாது. குடிநீருக்கென்று ஊர் கூடி வைத்தால் இதனால் பயன் உண்டு. வயலுக்குப் பாய்ச்சவென்று வாங்கினால், இன்றைய நிலையில் அது வீண் செலவு. சில நிலங்களில் கெடுதலாகவும் முடியலாம்.

தகடு உப்பைப் பிடிப்பது எப்படி?

சமையல் உப்பு தண்ணீரில் கரைந்ததும் சோடியம் தனியாகவும் குளோரைடு தனியாகவும் பிரிந்து விடுகின்றன. சோடியத்துக்கு நேர் மின்னேற்றம். குளோரைடுக்கு எதிர் மின்னேற்றம். இப்படி மின்னேற்றம் கொண்டு தண்ணீரில் திரியும் துகள்களுக்கு அயனிகள் என்று பெயர். கிணற்று நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் ஆகியவையும் நேர் அயனிகளே. பைகார்பனேட், சல்பேட், நைட்ரேட், புளோரைடு ஆகியவை எதிர் அயனிகள். தண்ணீருக்குள் இரண்டு தகடுகளை எதிரெதிரே நிறுத்தி மின்சாரம் இணைத்தால், எதிர் முனையிலுள்ள தகடு சோடியம், கால்சியம் முதலியவற்றை இழுக்கும். நேர் முனையிலுள்ள தகடு குளோரைடு, நைட்ரேட் முதலியவற்றை இழுக்கும். மின்சாரத்தை நிறுத்தினாலோ முனைகளை மாற்றிக் கொடுத்தாலோ பிடித்ததையெல்லாம் தகடு விட்டுவிடும். அந்த நேரத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி வெளியேற்றிவிட்டால், தகடு மறுபடியும் பிடிக்கத் தயாராகிவிடும். இந்தத் தகடுகளைத்தான் மின்வாய்கள் என்கிறார்கள்.

ஒற்றை பேஸ் மோட்டார் வைத்திருப்பவர்கள் அதன் பெட்டியிலுள்ள கெப்பாசிட்டரை அறிவார்கள். அதற்குள்ளும் இரண்டு மின்வாய்களே உள்ளன. மின்னேற்றத்தைச் சேர்த்து வைத்து விடுவதே அதன் வேலை. உப்பு நீக்கும் இயந்திரமும் ஒரு வகைக் கெப்பாசிட்டர்தான். இரண்டுக்கும் நடுவில் பிளாஸ்டிக் படலத்துக்குப் பதில் உப்புத் தண்ணீர் ஓடுகிறது. கொடுக்கப்படும் மின் அழுத்தம் டார்ச் விளக்கில் போடும் ஒரு செல்லின் அழுத்தத்தைவிடக் குறைவு, அதாவது சுமார் 1.2 வோல்ட். அதற்கு மேல் மிகவும் ஏற்றினால் தண்ணீரே ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரியத் தொடங்கும். மின்சாரம் வீணாவதோடு தகடும் கெடும்.

இதற்கு இன்னும் நெருக்கமான உதாரணம் விவசாயியின் காலடியிலேயே இருக்கிறது. களிமண் துகள்களின் மேற்பரப்பில் இயற்கையிலேயே எதிர் மின்னேற்றம் உண்டு. அம்மோனியா வடிவில் உள்ள தழைச்சத்து உடனே கரைந்து ஓடாமல் மண்ணில் தங்குவது அதனால்தான். களிமண்ணில் கால்சியம் ஒட்டியிருக்கும் வரை மண் பொலபொலவென்று இருக்கும். உப்புத் தண்ணீரோடு வரும் சோடியம் கால்சியத்தைத் தள்ளிவிட்டு இடம் பிடித்தால், நனைந்தபோது சேறாகவும் காய்ந்தபோது ஓடாகவும் மண் மாறிவிடும். களர் நிலத்துக்கு ஜிப்சம் போடச் சொல்வது, கால்சியத்தைக் கொடுத்துச் சோடியத்தைக் கிளப்புவதற்கே. தகட்டுக்கும் மண்ணுக்கும் உள்ள இந்த உறவை மறந்துவிட்டால் பின்னால் வரும் கணக்கு விளங்காது.

தகட்டுக்குக் கரி ஏன்?

சாதாரண இரும்புத் தகட்டை வைத்தால் அது கரைந்து துருவாகிவிடும். கரையாத உலோகத் தகடு வைத்தாலும் வழவழப்பான பரப்பில் அயனிகள் ஒட்ட இடம் போதாது. எனவேதான் ஆக்டிவேட்டட் கார்பன் எனப்படும் நுண்துளைக் கரியைத் தேர்ந்தெடுத்தார்கள். இதன் ஒரு கிராமுக்குள் இருக்கும் துளைகளின் சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்பினால் 1000 சதுர மீட்டருக்கு மேல் வரும். அதாவது ஒரு சிட்டிகைக் கரிக்குள் 25 சென்ட் நிலம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. இந்தக் கரித்தூளை ஒட்டும் பொருளோடு பிசைந்து, கிராபைட் அல்லது டைட்டானியம் தாளின்மேல் பூசி, நடுவில் நைலான் வலை கொடுத்து அடுக்கடுக்காக இறுக்கினால் இயந்திரத்தின் உள்பகுதி தயார்.

நுண்துளைக் கரிக்கு உலகெங்கும் விரும்பப்படும் மூலப்பொருள் தேங்காய்ச் சிரட்டை என்பது தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு நல்ல செய்தி. காங்கேயம், பொள்ளாச்சி வட்டாரங்களில் கொப்பரைக் களங்களிலிருந்து கழியும் சிரட்டை கரியாகச் சுடப்பட்டு, பிறகு ஆலைகளில் சுமார் 900 டிகிரி வெப்பத்தில் நீராவி செலுத்தப்பட்டு நுண்துளைக் கரியாகிறது. குழியில் சுடும் பழைய முறையால் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் தோட்டங்களுக்கும் புகைத் தொல்லை என்பது தனிக் கதை. உப்புத் தண்ணீரால் அவதிப்படும் ஊரிலிருந்தே உப்பைப் பிடிக்கும் பொருள் லாரியேறிப் போகிறது என்பது மட்டும் இங்கே கவனிக்கத்தக்கது.

இம்முறையை 1960-ம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் ஓக்லஹாமா பல்கலைக்கழகத்தில் பிளேர், மர்பி என்ற இருவர் ஆராயத் தொடங்கினர். 1990-களில் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் கார்பன் ஏரோஜெல் என்ற பஞ்சு போன்ற கரியைக் கொண்டு தகடுகள் செய்தார்கள். 2012-ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யீ சூய் உள்ளிட்டோர், சோடியத்தை மாங்கனீசு ஆக்சைடும் குளோரைடை வெள்ளியும் பிடிக்கும்படி மின்கலம் போன்ற அமைப்பு ஒன்றை வெளியிட்டனர். அறிவியலில் அது பெரிய முன்னேற்றம்தான். வெள்ளித் தகடு விற்கும் விலையில் அதைக் குடியானவன் கிணற்றடியில் வைப்பது எப்படி என்று எவரும் கேட்கத் தேவையில்லை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் தலப்பில் பிரதீப் குழுவினரும் இத்துறையில் பணியாற்றி வருகின்றனர். அங்கிருந்து கிளம்பிய இளம் நிறுவனம் ஒன்று இம்முறைக் குடிநீர் இயந்திரங்களைச் செய்து வருகிறது.

ஆய்வுக்கூடங்களில் இன்று நடக்கும் போட்டியெல்லாம் ஒரு கிராம் தகடு எத்தனை மில்லிகிராம் உப்பைப் பிடிக்கிறது என்பதைப் பற்றியது. சாதாரண நுண்துளைக் கரி சுமார் 10 முதல் 15 மில்லிகிராம் பிடிக்கும். புதுப் பொருள்கள் இதைவிடப் பல மடங்கு பிடிக்கின்றன. ஆனால் இந்தக் கணக்கு பெரும்பாலும் வாலை வடிநீரில் சமையல் உப்பைக் கரைத்துப் பார்த்த கணக்கு. கிணற்றுத் தண்ணீர் அப்படி இருப்பதில்லை. அதில் சுண்ணாம்பு இருக்கும், இரும்பு இருக்கும், இலை அழுகிய சாறு இருக்கும். சுண்ணாம்பு தகட்டின் மேல் செதிலாகப் படியும். இரும்பும் அழுகிய சாறும் துளைகளை அடைக்கும். நேர் முனைத் தகடு நாளாக ஆக ஆக்சிஜன் ஏறிப் பிடிக்கும் சக்தியை இழக்கும். ஆகவே சிறு விவசாயிக்கு வேண்டிய கணக்கு வேறு. ஊர்க் கிணற்று நீரில் இத்தகடு எத்தனை மாதம் தாங்கும், மாற்றுத் தகடு என்ன விலை, அதை மாட்டித் தர யார் வருவார் என்பதே அவன் கேட்க வேண்டியது. இந்த மூன்றையும் எழுத்தில் தராத விற்பனையாளரிடம் மில்லிகிராம் கணக்கைக் கேட்டு ஆவதொன்றுமில்லை.

வயல் கணக்கு

லிட்டருக்கு 2000 மில்லிகிராம் உப்புள்ள கிணறு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இது மின் கடத்துத்திறன் அளவில் ஏறத்தாழ 3 டெசிசைமன் வரும். ஒரு ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் ஒருமுறை பாய்ச்ச 2 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். அதில் கரைந்து வயலுக்கு வரும் உப்பு 400 கிலோ. 50 கிலோ மூட்டையாகக் கட்டினால் 8 மூட்டை. ஒரு பயிருக்குப் பத்துத் தண்ணீர் பாய்ச்சினால் 80 மூட்டை உப்பை வயலில் கொட்டியதற்குச் சமம். வடிகால் இல்லாத நிலம் சில ஆண்டுகளில் ஏன் வீணாகிறது என்பதை இந்த ஒரு கணக்கே சொல்லும்.

இந்தத் தண்ணீரை 500 மில்லிகிராமுக்குக் குறைக்க வேண்டுமானால் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் 300 கிலோ உப்பை நீக்க வேண்டும். ஒரு கிலோ கரி ஒரு சுற்றில் 10 கிராம் பிடிப்பதாகவும், பிடித்து அலச ஒரு சுற்றுக்குக் கால் மணி நேரம் ஆவதாகவும் வைத்துக்கொண்டால், இரவு பகலாக ஓட்டினாலும் ஒரு நாளில் 100 சுற்றுக்குள்தான் முடியும். அப்படியும் 300 கிலோவுக்கு மேல் தகட்டுக் கரி தேவை. மின்சாரமோ ஒரு கிலோ உப்புக்கு அரை யூனிட் முதல் ஒரு யூனிட் வரை. ஒரு ஏக்கருக்கு ஒருமுறை பாய்ச்ச 150 முதல் 300 யூனிட் ஆகும். பாசன மின்சாரம் இலவசம் என்று இந்தக் கணக்கைத் தள்ளிவிட முடியாது. தகடுகளுக்கும் அவற்றைப் பிடிக்கும் டைட்டானியம் தாளுக்கும் இலவசம் இல்லையே. நெல்லோ கரும்போ எதை விற்று இந்தக் கடனை அடைப்பது?

செலவு ஒருபுறமிருக்க, எந்த உப்பு பிடிபடுகிறது என்ற கேள்வி இன்னும் முக்கியமானது. கால்சியத்துக்கு இரட்டை மின்னேற்றம், சோடியத்துக்கு ஒற்றை. ஆகவே சாதாரணக் கரித் தகடு, போதிய நேரம் கிடைத்தால், கால்சியத்தையே அதிகம் விரும்பும். குடிதண்ணீரில் கால்சியம் குறைந்தால் பருப்பு வேகும். பாசனத் தண்ணீரில் கால்சியம் குறைந்து சோடியம் தங்கிவிட்டாலோ மண் இறுகும். மொத்த உப்பு குறைந்தது என்று மீட்டர் காட்டும். வயலுக்கு வேண்டாத சோடியத்தின் பங்கு மட்டும் ஏறியிருக்கும். கடின நீரை மென்னீராக்கும் ‘சாப்டனர்’ இயந்திரத்திலும் இதே ஆபத்து வேறு வழியில் வருகிறது. அது கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. அதன் தண்ணீரைத் தொட்டிச் செடிக்குக்கூட ஊற்றலாகாது.

சோடியத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் தகடு கிடைத்தால் நிலைமை மாறும். அதற்கான ஆராய்ச்சி நடந்து வருகிறது. நெதர்லாந்து நாட்டில் பசுமைக் குடில்களில் ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்பச் செடிகளுக்கு விடுவதால் சோடியம் சேர்ந்துகொண்டே போகிறது. அந்நாட்டு ஆய்வாளர்கள், வண்ணப் பொருளாக முந்நூறு ஆண்டுகளாகப் பழகிய பிரஷ்யன் நீலத்தின் இனத்தைச் சேர்ந்த நிக்கல் கூட்டுப்பொருள் ஒன்றைத் தகடாக்கி, அது கால்சியத்தை விட்டுவிட்டுச் சோடியத்தை விரும்பிப் பிடிப்பதை 2020-ல் வெளியிட்டனர். அப்பொருளின் படிக அமைப்பிலுள்ள இடுக்குகளில் சோடியம் எளிதில் நுழைகிறது. தன்னைச் சுற்றியுள்ள நீரை இறுகப் பிடித்திருக்கும் கால்சியம் நுழையத் திணறுகிறது. விலை உயர்ந்த காய்கறியும் பூவும் வளரும் கண்ணாடிக் குடிலுக்கு இது பொருந்தலாம். மானாவாரியிலிருந்து கிணற்றுப் பாசனத்துக்கு மாறிய இரண்டு ஏக்கர் விவசாயிக்கு எட்டும் விலையில் அது இன்று இல்லை. ஆனாலும் வேளாண் ஆராய்ச்சிக்கென்று பணம் ஒதுக்குவோர் எத்திசையில் பார்க்க வேண்டும் என்பதற்கு இது ஒரு வழிகாட்டி. எல்லா உப்பையும் அள்ளும் தகட்டைவிட, தீங்கு செய்யும் உப்பை மட்டும் அறிந்து பிடிக்கும் தகடுதான் விவசாயிக்குத் தேவை.

அதுவரை வயலுக்கு உள்ள வழிகள் பழையவைதான். தண்ணீரைச் சோதித்து அதற்கேற்ற பயிரைத் தேர்ந்தெடுப்பது முதல் வேலை. பருத்தியும் சோளமும் ஓரளவு உப்பைத் தாங்கும். பீன்சும் வெங்காயமும் தாங்கா. களர் நிலத்துக்குத் திருச்சி 1, திருச்சி 3 போன்ற நெல் ரகங்கள் உள்ளன. தக்கைப்பூண்டு மடக்கி உழுவதும், வடிகால் வெட்டுவதும், பண்ணைக் குட்டை வெட்டி மழைநீரைக் கிணற்றுக்கு ஊறச் செய்வதும் பலன் தருபவை. தண்ணீரில் கார்பனேட் மிகுந்திருந்தால் ஜிப்சம் கட்டிகள் நிரப்பிய தொட்டியின் வழியே பாய்ச்சும் முறையைக் கர்னாலிலுள்ள மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிலையம் சிபாரிசு செய்துள்ளது. இயந்திரம் எடுப்பதற்கு நேர்மாறாக இது கால்சியத்தைச் சேர்க்கிறது.

குடத்துக்கு வந்தால்

குடிநீரில் இக்கணக்கு தலைகீழாக மாறிவிடுகிறது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 40 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், அதே கிணற்று நீரில் நீக்க வேண்டிய உப்பு 60 கிராம்தான். ஒரு கிலோ கரித் தகடு ஆறு சுற்றில் முடித்துவிடும். மின்சாரமும் ஒரு யூனிட்டில் சிறு பங்கு. மிளகாய், தக்காளி நாற்றுத் தட்டுகளுக்குத் தெளிக்கும் கொஞ்சத் தண்ணீருக்கும் இது கட்டுப்படியாகலாம். கறவை மாட்டுக்கென்று இயந்திரம் தேவையில்லை. 3000 மில்லிகிராம் வரை உப்புள்ள நீர் மாடுகளுக்குத் தீங்கு செய்வதில்லை.

ஆர்.ஓ. இயந்திரம் ஏற்கெனவே ஊர் ஊராக இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். அரிசியில் கல் நாலைந்து இருந்தால் கல்லைப் பொறுக்குவார்கள். கல்லே மிகுந்திருந்தால் அரித்துத்தான் எடுக்க வேண்டும். கரித் தகடு உப்பை மட்டும் பொறுக்குகிறது, ஆர்.ஓ. முறையோ தண்ணீர் முழுவதையும் அழுத்தித் தள்ளி அரிக்கிறது. ஆகவே உப்பு குறைவான நீருக்குத் தகடு பொருத்தம். லிட்டருக்கு 2000, 3000 மில்லிகிராமைத் தாண்டினால் ஆர்.ஓ. முறையே சிக்கனம். கடல் நீருக்கு இந்தக் கரித் தகடு ஆகாது. தகட்டு முறையில் தெளிவான ஆதாயம் ஒன்று உண்டு. வீட்டு ஆர்.ஓ. பெட்டிகள் ஒரு குடம் நல்ல நீருக்கு இரண்டு மூன்று குடம் கழிவாக விடுகின்றன. நன்கு அமைத்த தகட்டு இயந்திரத்தில் உள்ளே போகும் நீரில் முக்கால் பங்குக்கு மேல் நல்ல நீராகப் பெறலாம். தண்ணீருக்கே தவிக்கும் ஊரில் இது சிறிய விஷயமல்ல.

எதைப் பிடிக்காது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். மின்னேற்றம் இல்லாத பொருள்களைத் தகடு இழுக்காது. நோய்க் கிருமிகளை நீக்கும் பொறுப்பையும் இதனிடம் விடக்கூடாது. அந்தத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பதே நல்லது. உரம் மிகுதியாகப் போடும் காய்கறி வட்டாரங்களில் கிணற்றில் இறங்கும் நைட்ரேட்டைக் கரித் தகடு நன்றாகவே பிடிக்கிறது. புளோரைடு விஷயத்தில் அந்த நம்பிக்கை வேண்டாம். குளோரைடு கூட இருந்தால் புளோரைடு பின்தங்கிவிடுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல்லும் எலும்பும் கெட்டவர்களுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கப்பட்டது. அத்தகைய ஊர்களில் இயந்திரத்திலிருந்து வரும் நீரில் மொத்த உப்பை அளந்தால் போதாது. புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படாமல் இருக்கிறதா என்று தனியே சோதித்தாக வேண்டும். அங்கே 1 மில்லிகிராமுக்குள் இருப்பதே நலம்.

விற்க வருவோர் காட்டும் வித்தைகளும் உண்டு. இரண்டு டம்ளர்களில் கம்பிகளை விட்டு மின்சாரம் கொடுப்பார்கள். கிணற்று நீர் பழுப்பாகக் குழம்பும். இயந்திர நீர் தெளிவாக நிற்கும். கிணற்று நீரிலுள்ள அழுக்கு வெளியே வந்துவிட்டது என்பார்கள். உண்மையில் குழம்பியது கம்பியின் இரும்பு. உப்பு இருப்பதால் அந்த நீரில் மின்சாரம் ஓடிற்று, கம்பி கரைந்தது. உப்பில்லாத நீரில் ஓடவில்லை, அவ்வளவுதான். குழாயின் வெளியே காந்தத்தைக் கட்டினால் உப்பு போய்விடும் என்பதும் அப்படியே. கட்டுவதற்கு முன்னும் பின்னும் மின் கடத்துத்திறனை அளந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அலசிய உப்பு எங்கே?

கடைசிக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. தகடு உப்பை அழிப்பதில்லை, ஓரிடத்தில் சேர்க்கிறது. ஊருக்குப் பொதுவாக நாளொன்றுக்கு 5000 லிட்டர் நல்ல நீர் தரும் இயந்திரம் வைத்தால், மேற்சொன்ன கிணற்று நீரில் தினமும் ஏழரைக் கிலோ உப்பு பிரியும். ஆண்டுக்கு 2700 கிலோவுக்கு மேல். அலசிய தண்ணீரைக் கொட்டகைக்குப் பின்னால் விட்டால் அது பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் இறங்கும். சில ஆண்டுகளில் இயந்திரத்துக்குத் தண்ணீர் தரும் கிணற்றுக்கே திரும்பி வரும்.

உப்பைக் கண்காணாத இடத்தில் விட்டால் என்னவாகும் என்பதை நொய்யல் கரை விவசாயிகள் பட்டு அறிந்திருக்கிறார்கள். பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் உப்புக் கழிவுநீர் தேங்கும் இடமாகிவிட்டது. கழிவை முழுமையாகச் சுத்திகரிக்காத பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. அதற்குள் கெட்டுப்போன கிணறுகளும் தென்னந்தோப்புகளும் பல. ஊர்க் குடிநீர் இயந்திரத்தின் உப்பு அதோடு ஒப்பிடத் துளிதான். ஆனால் ஊர்தோறும் ஒன்று வைத்தால் துளியும் சேரும்.

ஆகவே இயந்திரத்துக்கு அனுமதி தரும் ஊராட்சி, தகட்டை அலசிய நீருக்குத் தரையில் தார்ப்பாய் விரித்த ஆவியாதல் பாத்தியையும் சேர்த்தே கேட்க வேண்டும். நாளுக்கு 1000 லிட்டர் அலசு நீர் வருவதாகவும், சராசரி 5 மி.மீ. ஆவியாவதாகவும் கொண்டால் 5 சென்டுக்குக் குறையாத இடம் தேவை. மழைக்கால இடைவெளியையும் எண்ணினால் இன்னும் கூடுதலாகவே. இந்த இடத்தை ஒதுக்க முடியாத ஊர் இயந்திரத்தைப் பற்றி யோசிக்காமல் இருப்பதே மேல். தனித்தனி வீட்டில் வைப்பதைவிட உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், பால் கூட்டுறவுச் சங்கம் போன்ற பொது அமைப்பின் பொறுப்பில் ஒன்றாக வைத்தால் கழிவையும் ஒரே இடத்தில் கவனிக்கலாம். பழுது பார்க்கவும் ஓர் ஆளைப் பழக்கலாம்.

வேளாண்மை அறிவியல் நிலையங்கள் இதில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வட்டாரத்துக் கடின நீர்க் கிணறு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, உள்ளூர்ச் சிரட்டைக் கரியால் செய்த தகடுகளை ஓர் ஆண்டு முழுவதும் ஓட்டி, மாதந்தோறும் பிடித்த உப்பு, அலசிய நீர், மின்சாரம், பழுது ஆகியவற்றை எழுதி ஊர் அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். வாலை வடிநீரில் செய்த நூறு சோதனைகளைவிட அப்படி ஒரு கிணற்றுச் சோதனை விவசாயிகளுக்கு உதவும். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியிலேயே 1953 முதல் இயங்கி வருகிறது. மின்வாய் அறிந்தவர்களையும் மண் அறிந்தவர்களையும் ஒரே கிணற்றடியில் கூட்டுவதற்குத் தொலைவு ஒரு தடையல்ல.

எந்த இயந்திரத்தை வாங்குவதற்கும், எந்தப் பயிரை மாற்றுவதற்கும் முன்பு தண்ணீர்ச் சோதனை அவசியம். மாதிரி எடுக்கும் நாளில் மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட வேண்டும். மருந்து, எண்ணெய் வைக்காத சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலம்பி, வாய் நிறைய ஒரு லிட்டர் பிடித்து இறுக மூட வேண்டும். விவசாயியின் பெயர், ஊர், சர்வே எண், கிணற்றின் ஆழம், பயிர், எடுத்த தேதி ஆகியவற்றைச் சீட்டில் எழுதி ஒட்டி, இயன்றவரை மறுநாளுக்குள் மண் பரிசோதனை நிலையத்திலோ வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ சேர்ப்பிக்க வேண்டும். மின் கடத்துத்திறனோடு சோடியம் ஈர்ப்பு விகிதத்தையும் எஞ்சிய சோடியம் கார்பனேட்டையும் குறித்துத் தரும்படி கேட்டு வாங்குவது நல்லது. குடிக்கும் கிணறாக இருந்தால் தனி பாட்டிலில் இன்னொரு மாதிரி எடுத்து, குடிநீர் சோதிக்கும் ஆய்வகத்தில் நைட்ரேட்டையும் புளோரைடையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை எடுத்தால் கிணற்றின் போக்கு தெரியும்.